நல்ல மனசு போதுமா?

‘பாவம், புள்ளை ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடலை. காய்ச்சல் வேற. இன்னிக்கு ஒரு நாளாவது அந்த ஊசியைப் போடாம விடுங்கப்பா!’

டைப் ஒன் சர்க்கரை நோய் உள்ள குழந்தை இருக்கும் வீடுகளில் இந்தக் குரலைக் கேட்கலாம். பெரும்பாலும் பாட்டியின் குரல். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால், அதைக் கேட்டு இன்சுலினை நிறுத்தினால் குழந்தை ஐ.சி.யு.வுக்குப் போக நேரிடும். காய்ச்சல் நாளில் அளவை டாக்டர் மாற்றுவார். அடியோடு நிறுத்தக் கூடாது.

காரணம் இதுதான். இன்சுலின் இல்லாவிட்டால், ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் உடம்புக்கு அது உதவாது. ஏரி நிறையத் தண்ணீர், மதகு திறக்கவில்லை, வயல் காய்கிறது. பட்டினி என்று நினைத்து உடம்பு கொழுப்பை எரிக்கிறது. கீட்டோன்கள் பெருகி ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழ வாசனை, ஆழமான பெருமூச்சு, பிறகு மயக்கம். இதற்குப் பெயர் கீட்டோஅசிடோசிஸ்.

ஒரு காலத்தில் இது வந்தால் அநேகமாகச் சாவுதான். 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில், லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். எலும்பும் தோலுமாக 29 கிலோ இருந்தவன், மேலும் 13 வருடங்கள் வாழ்ந்தான்.

மருந்துதான் கிடைத்துவிட்டதே, தாராளமாகப் போட வேண்டியதுதானே? அப்படித்தான் டாக்டர்களும் நினைத்தார்கள். மயங்கி வந்தவர்களுக்கு நூற்றுக்கணக்கான யூனிட் ஏற்றுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 1970களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமாவதில் குறைவில்லை, ஆபத்துதான் குறைந்தது. இன்றைய பொதுவான கணக்கு, கிலோ எடைக்கு மணிக்கு 0.1 யூனிட்.

அதையும் உடனே போட்டுவிடுவதில்லை. முதலில் சலைன். கூடவே பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். இன்சுலின் போனால் ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் செல்களுக்குள் இறங்கிவிடும். ஏற்கெனவே லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், உயிர் காக்க வந்த ஊசியே இதயத்தை நிறுத்திவிடலாம். அதனால் பொட்டாசியத்தை ஏற்றிவிட்டுத்தான் இன்சுலின்.

அடுத்த வேடிக்கை. சர்க்கரை 250க்கு இறங்கியதும் குளுகோஸ் ஏற்றுவார்கள். ‘என்ன டாக்டர், சுகர் பேஷன்ட்டுக்கே குளுகோஸா?’ என்று வெளியே நிற்கும் உறவினர் பதறுவார். மீட்டரில் சர்க்கரை இறங்கினாலும் ரத்தத்தில் அமிலம் இன்னும் தீரவில்லை. அது தீரும்வரை இன்சுலின் ஓட வேண்டும்; சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகாமலிருக்க குளுகோஸ்.

நல்லது செய்ய நல்ல மனசு போதுமா என்ற கேள்விக்கு இந்த ஐ.சி.யு. அறையே ஒரு பதில். ஊசியை நிறுத்தச் சொன்ன பாட்டிக்கும், அள்ளிக் கொடுத்த அந்தக் கால டாக்டருக்கும் மனசில் குறையில்லை. வாங்கிக்கொள்ளும் உடம்பின் நிலையைத்தான் பார்க்கவில்லை. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயாளி, நோய், காலம் மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செய்யச் சொல்கிறார். கடன் கொடுப்பதற்கும், புத்தி சொல்வதற்கும், பிள்ளையைத் திருத்துவதற்கும் இது பொருந்தும்.

இதைச் சாக்காக வைத்து, ‘யோசிச்சுட்டுதான் சார் இருக்கேன்’ என்று கையைக் கட்டி உட்காருபவர்களும் உண்டு. டாக்டர் இன்சுலினை நிறுத்திவைத்திருக்கும் அந்த நேரத்தில் சலைன் ஓடுகிறது, பொட்டாசியம் ஏறுகிறது, ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். நிதானம் என்றால் அதுதான்.

‘நல்லதுன்னு நெனச்சுதானே செஞ்சேன்’ என்று பிறகு சொல்லிக்கொள்வதில் நமக்கு ஓர் ஆறுதல் கிடைக்கலாம். பொட்டாசியம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.