பெயருக்குக் காத்திருந்த பிள்ளை

ஆசிரியத் தொழிலுக்கு வந்து இருபது வருடங்கள் தாண்டிவிட்டன. ஒவ்வொரு காலையும் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவதோடுதான் என் நாள் தொடங்குகிறது. நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தே அவர்களின் பாட்டன் பாட்டிமார் பட்ட பாட்டை ஓரளவு வாசித்துவிடலாம். முன்பெல்லாம் குப்பன், குப்பாயி, பிச்சைமுத்து என்று பெயர்கள் நிறைய இருந்தன. முதல் இரண்டு பிள்ளைகள் தவறிப்போன வீட்டில் மூன்றாவது பிள்ளையைக் குப்பையில் ஒருதரம் புரட்டி எடுத்து அப்படிப் பெயர் வைப்பார்கள். பெறுமதியில்லாத பொருளைச் சாவு தூக்கிக்கொண்டு போகாது என்பது அவர்களின் கணக்கு. இதை மூடநம்பிக்கை என்று நான் வகுப்பில் சொல்லிச் சிரித்ததுண்டு. 2019ஆம் ஆண்டு தை மாதத்துக்குப் பிறகு சிரிப்பதில்லை.

என் தங்கச்சி தலைப்பிள்ளைப் பேறுக்காக உம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். இருபத்தொன்பதாவது வாரம். இரவு பத்து மணிக்கு நோவு தொடங்கியது. மலை ஏறும் பருவம் அது. உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை நல்லதண்ணிப் பாதை இரவிலும் உறங்காது. யாத்திரை பஸ்கள் வரிசையாக மேலே வந்துகொண்டிருக்க, நாங்கள் மச்சானின் வேனில் கீழே இறங்கினோம். மஸ்கெலியா, டிக்கோயா, பிறகு அம்பியூலன்ஸில் கினிகத்தேனை வழியாகக் கண்டி. விடியும் வேளையில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நிறை 1,080 கிராம். ஒரு கிலோ சீனிப் பையைக் கையில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

பிறந்த உடனே குழாய் வைத்தார்கள். மூச்சுப்பை விரிந்து நிற்பதற்குத் தேவையான ஒரு வழுவழுப்பான பொருள் குறைமாதப் பிள்ளைகளிடம் போதுமான அளவு ஊறியிருப்பதில்லை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் மூச்சுப்பை ஈரப் பொலித்தீன் போல ஒட்டிக்கொள்ளும். இந்தக் குறையை மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர் கண்டு சொன்னது 1959இல். அதற்கு நான்கு வருடங்களுக்குப் பிறகும் மருந்து இல்லை. 1963 ஓகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இதே நோயால் 39 மணித்தியாலத்தில் இறந்தான். இரண்டு கிலோவுக்கு மேல் நிறையுள்ள பிள்ளை அது. 1980இல் ஜப்பானிய வைத்தியர் ஃபுஜிவாரா மாட்டின் மூச்சுப்பையிலிருந்து எடுத்த பொருளைக் குழாய் வழியாகக் கொடுத்துப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தார். உலகின் மிகப் பெரிய அதிகாரம் படைத்தவனுக்குக் கிடைக்காதது, ஐம்பத்தாறு வருடங்களுக்குப் பிறகு ஒரு மலைநாட்டுக் கடைக்காரனின் மகளுக்கு ஒரு சதமும் வாங்காமல் கிடைத்தது. நம் நாட்டைப் பற்றி ஆயிரம் குறை சொல்லும் நான் இதையும் சொல்ல வேண்டும்.

குழாய் வைத்த பிள்ளை அழுதால் சத்தம் வராது. குழாய் குரல் நாண்களின் நடுவே போகிறது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். முகம் சுருங்குகிறது, வாய் திறக்கிறது, கை நடுங்குகிறது; ஆனால் ஒலியில்லை. பிறந்த பிள்ளை அழுதால் அதற்கு வாரிசுரிமை உண்டு, இறந்தால் ஜனாஸாத் தொழுகை உண்டு என்று நம் பிக்ஹு நூல்கள் பேசுவதைப் படித்திருக்கிறேன். அழுகைதான் உயிரின் சாட்சி. அசைவும் தும்மலும்கூடப் போதும் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. அவர்கள் எந்தப் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொன்னார்களோ தெரியாது. எனக்கு அன்று அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆறு மாதப் பிள்ளையைப் பற்றிய பழைய வழக்கொன்றும் நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி ஆறு மாதத்தில் பிள்ளை பெற்ற ஒருத்தியைக் கலீஃபாவின் முன் குற்றவாளியாக நிறுத்தினார்கள். உமரின் காலம் என்றும் உஸ்மானின் காலம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அலி அவர்கள் கணக்கொன்று போட்டார்கள். சுமப்பதும் பால் மறப்பதும் சேர்ந்து முப்பது மாதம் என்று ஓரிடத்தில் வருகிறது. பால்குடி மட்டும் இரண்டு வருடம் என்று இன்னோரிடத்தில் வருகிறது. கழித்தால் மிச்சம் ஆறு மாதம். ஆகவே ஆறு மாதத்திலும் பிள்ளை முழுப் பிள்ளைதான். கழித்தல் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும் எனக்கு, அதைக்கொண்டு ஒரு பெண்ணின் மானத்தையும் ஒரு பிள்ளையின் உரிமையையும் காக்க நின்ற இந்த நிகழ்ச்சி எப்போதும் பிடித்தமானது.

ஆனால் என் சொந்த வீட்டில் அந்தக் கணக்கை நான் போடவில்லை.

ஆறாம் நாள் மச்சான் கேட்டார், நாளைக்குப் பேர் வைப்போமா என்று. பிள்ளையின் நிறை 970 கிராமுக்கு இறங்கியிருந்தது. முதல் வாரத்தில் இறங்குவது வழமைதான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சொல்லி என்ன, இறங்கும் இலக்கத்தைப் பார்க்கும் தாய்க்கு அது வழமையாகத் தெரியுமா? தங்கச்சி சொன்னாள்: "வேணாம் நாநா. பேரும் வச்சிட்டா எனக்குத் தாங்க ஏலாது." நான் உடனே சம்மதித்தேன். ஏழாம் நாள் வைப்பது சுன்னத்துத்தான், பிந்தினால் குற்றமில்லை, கொஞ்சம் தேறட்டும் என்று மச்சானுக்குச் சட்டமும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பாங்கு சொல்லவே இரண்டு நாள் காத்திருந்தவர் அவர். கையைக் கழுவி, மேலங்கி போட்டு, பெட்டியின் கை விடும் துவாரத்தருகே குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்.

தங்கச்சிக்கு நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்திருந்தேன். வாத்தியார் புத்தி. முதற் பக்கத்தின் மேலே 'பிள்ளை' என்று மட்டும் எழுதியிருந்தாள். கீழே கோடு போட்டுத் திகதி, நிறை, பால். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு மில்லிலீற்றர். பிறகு இரண்டு. ஒன்பதாம் நாள் வயிறு ஊதியதால் பாலை நிறுத்தினார்கள். பன்னிரண்டாம் நாள் திரும்ப ஒன்றிலிருந்து. பதினைந்தாம் நாள்தான் பிறந்த நிறைக்கு வந்தது. இன்னொரு நிரலில் சின்னச் சின்னப் புள்ளிகள். பிள்ளை மூச்சு விட மறந்த தடவைகள் அவை. உண்மையாகவே மறந்துவிடுகிறது. மூளை அந்த வேலைக்கு இன்னும் பழகவில்லை. மெஷின் கத்தும். மிஸ் வந்து உள்ளங்காலில் விரலால் மெல்லச் சுண்டுவார். பிள்ளைக்கு நினைவு வரும். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையின் மேசையில் நான் தட்டுவது போலத்தான்.

சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்துப் போவேன். கொப்பியை வாங்கித் தேர்ச்சி அறிக்கை பார்ப்பது போலப் பார்ப்பேன். இருபது கிராம் கூடியிருந்தால் எனக்குப் பிள்ளையின் மீது அன்பு பெருகும். குறைந்திருந்தால் நெஞ்சு தானாகவே ஓரடி பின்னால் தள்ளி நிற்கும். அப்படித் தள்ளி நிற்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பக்கத்துப் பெட்டியில் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த பெண்ணின் பிள்ளை. இருபத்தாறு வாரம், 790 கிராம். கொழுந்தெடுக்கும் பெண், புருஷன் கொழும்பில் கடையொன்றில் வேலை. அவர்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள்தான் பெயர். அவளோ மூன்றாம் நாளே வைத்துவிட்டாள். கட்டிலின் அட்டையில் தாயின் பெயரை எழுதி 'இன்னாரின் குழந்தை' என்றுதான் போட்டிருப்பார்கள். இவள் மிஸ்ஸிடம் கெஞ்சி, ஒரு துண்டுப் பிளாஸ்டரில் சிங்கள எழுத்தில் மகனின் பெயரை எழுதி வாங்கிப் பெட்டியில் ஒட்டுவித்தாள். பிறகு மிஸ்மாரும் அந்தப் பெயரைச் சொல்லியே பேசினார்களாம். "பாவம் நாநா, அவசரப்பட்டு பேரும் வச்சிட்டா" என்றாள் தங்கச்சி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் அந்தப் பிள்ளை கிருமித் தொற்றில் இறந்தது. அன்று சனிக்கிழமை, நான் அங்கே இருந்தேன். புருஷன் வந்து சேரும் வரை பத்திரங்கள் எழுத உதவச் சொன்னார்கள். பெயர் என்ற இடம் வந்தது. அவள் நிமிர்ந்து முழுப் பெயரையும் சொன்னாள், எழுத்துப் பிழை வராதபடி நிறுத்தி நிறுத்தி. என் முகத்தில் எதைக் கண்டாளோ, கேளாமலே சொன்னாள்: "பேரு இல்லாம போயிருந்தா, யாரு போனான்னு சொல்றது சேர்?"

அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் நல்ல மறுப்பு இல்லை.

நான் தங்கச்சிக்குச் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அந்தச் சட்டத்தை எதற்காகத் தேடி எடுத்தேன்? பிள்ளையின் நன்மைக்காக அல்ல. பிள்ளை போனால் போனது ஒரு நிறையும் ஒரு திகதியும்தான், ஓர் ஆள் அல்ல என்று எங்களை நாங்களே ஏய்த்துக்கொள்வதற்காக. நபியவர்கள் மகன் இப்ராஹீமுக்குப் பிறந்த இரவே பெயர் வைத்ததும், பால்குடி மறக்காத வயதில் அந்தப் பிள்ளை மடிந்தபோது கண்ணீர் விட்டதும் நான் பல தடவை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவை. என் தேவைக்கு அவை நினைவுக்கு வரவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முப்பத்தொரு நாள் காத்திருக்கும் வழக்கத்தை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை. லயத்துக் காம்பராக்களில் பிறந்த பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கொத்துக் கொத்தாகப் போன காலம் ஒன்று இருந்தது. வருடா வருடம் பெயர் வைத்து வருடா வருடம் புதைக்க எந்தத் தாயால் முடியும்? குப்பன் என்ற பெயரும் காத்திருக்கும் வழக்கமும் உடைந்துபோகாமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழிகள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இந்த மக்களில் பெரும்பாலோரின் பெயரை நாட்டின் இடாப்பிலேயே சேர்க்காமல் விட்டார்கள். அந்தக் கணக்கு முடிய 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கொழுந்தெடுக்கும் பெண் 790 கிராம் பிள்ளைக்கு மூன்றாம் நாளே பெயர் வைத்து ஒட்டுவித்தாள் என்றால், அதை அவசரம் என்று சொன்ன என் வாயை என்னவென்பது.

பாரிஸில் 1880களின் தொடக்கத்தில் தார்னியே என்ற வைத்தியர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் குறைமாதப் பிள்ளைகளுக்குச் சூட்டுப் பெட்டி செய்தாராம். அவருடைய மாணவர் பூதான் ஒரு விடயத்தைக் கவனித்தார். பெட்டிக்குள் வைத்த பிள்ளையிடமிருந்து தாயைத் தள்ளி வைத்தால், தாயின் மனமும் மெல்லத் தள்ளிப்போகிறது. சிலர் திரும்பி வருவதே இல்லை. ஆகவே தாய்மார் வந்து பால் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நூறு வருடம் கழித்து, 1978இல், கொலம்பியாவின் பொகொட்டா நகரில் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் படுக்க வைத்துத் தொற்றுப் பரவியபோது, எட்கர் ரே சனாப்ரியா என்ற வைத்தியர் பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் கட்டிவிட்டார். கங்காரு முறை என்று பெயராயிற்று. வறுமையில் பிறந்த வைத்தியம் அது. 2021இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. பிள்ளை தேறும் வரை காத்திராமல் பிறந்த உடனே இதைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று கண்டார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் ஆலோசனையையே மாற்றிக்கொண்டது. அதுவரை, முதலில் தேறட்டும், பிறகு தாயிடம் கொடுப்போம் என்றுதான் படித்தவர்களும் நினைத்திருந்தார்கள். நானும் அதே வரிசையில்தான் நின்றிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை இரவு தங்கச்சி போன் பண்ணினாள். "மச்சானுக்குச் சொல்லுங்க நாநா" என்றாள். இருபதாம் நாள் பெயர் வைத்தோம். அதைப் பற்றிக் கதை கட்ட விரும்பவில்லை. மறுநாள் நிறை பதினைந்து கிராம் குறைந்தது. பெயர் மருந்தல்ல. கொப்பியில் மட்டும் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுவரை 'பால் 8 மி.லீ.' என்று எழுதியவள், 'குடித்தாள்' என்று எழுதத் தொடங்கினாள். இருபத்து மூன்றாம் நாள் நெஞ்சில் வைத்துக் கட்டினார்கள். முப்பத்து நான்கு வார வளர்ச்சி ஆகும்போது உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் சேர்ந்து செய்யப் பழகினாள். கண்ணைச் சோதித்தார்கள், ஒட்சிசன் கூடிப்போய்க் கண் கெடும் ஆபத்து இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. ஐம்பத்தெட்டாம் நாள் 1,900 கிராமோடு வீட்டுக்கு வந்தாள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வளர்ந்து அவளே விரும்பினால் சொல்லட்டும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இத்தனை வருடம் பிள்ளைகளை ஆயத்தம் செய்திருக்கிறேன். சித்தியடைந்தவர்களின் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். பின் வாங்கில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். முகம் வருகிறது, பெயர் வருவதில்லை. தேறினால் பிறகு அறிமுகமாவோம் என்று எத்தனை பிள்ளைகளை இடாப்போடு நிறுத்தினேனோ. அவர்களில் சிலர் தரம் ஆறோடு போய்க் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். வீதியில் கண்டு "சேர்" என்று கூப்பிடும்போது நான் பதிலுக்குச் சிரிப்பேன், பெயரைச் சொல்லமாட்டேன்.

கடந்த வருடம் மஸ்கெலியா பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணைக் கண்டேன். இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை. அவள் என் மருமகளைப் பெயர் சொல்லி விசாரித்தாள். பக்கத்தில் நின்ற என் சக ஆசிரியர் பேச்சுக்கு, "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். "ரெண்டுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூத்தவனின் பெயரை நான் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, பஸ் வந்துவிட்டதென்று ஓடிப்போய் ஏறினாள்.