அறையின் ஓசை

தரையில் நிற்கும் உயர்தர ஒலிபெருக்கியை வாங்குபவருக்குச் சொந்தமாவது ஒலியா, பெட்டியா? இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான வைசேடிகத்தில் இதற்கு விடை உண்டு. ஓசை ஆகாயத்தின் குணம். செவியும் செவித்துளைக்குள் அடைபட்ட ஆகாயமே. எழுந்த ஓசை அப்படியே காதுக்கு வருவதில்லை. அலை அலையை எழுப்புவதுபோலவோ, கடம்ப மொட்டு எல்லாப் பக்கமும் விரிவதுபோலவோ ஓசையிலிருந்து ஓசை பிறக்கிறது. கடைசியாகப் பிறந்ததே கேட்கிறது.

மூல ஓசை அப்படியே காதுக்கு வருவதில்லை என்பதைப் புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டின் கான்கிரீட் வீடொன்றில் அளந்தே பார்க்கலாம். 4.3 மீட்டர் நீள அறையில் 40, 80 ஹெர்ட்ஸ் அளவுகளில் நிலையலை எழும். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பி சுவரோரம் வீங்கி ஒலிக்கும், வேறிடத்தில் மெலியும். பேங் அண்ட் ஓலுஃப்சன் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த பியோலேப் 90 போன்ற ஒலிபெருக்கிகள் ஒலிவாங்கியால் அறையை அளந்து, வீக்கத்தை டிஜிட்டல் வடிப்பானால் தணிக்கின்றன. அலைகள் ஒன்றையொன்று அழித்த பள்ளத்தை நிரப்புவது கடினம். ஊட்டும் ஆற்றலோடு அழிவும் கூடும். ஓர் இருக்கைக்குச் செய்த திருத்தம் பக்கத்து நாற்காலிக்குப் பொருந்தாமலும் போகும்.

ஆகவே மூல ஒலியைச் சொந்தமாக்குவது வைசேடிகப்படி நடவாத காரியம். இன்னொரு தத்துவ மரபினரான மீமாம்சகர் ஒப்பமாட்டார்: எழுத்தொலி நித்தியம், காற்று அதை வெளிப்படுத்துகிறது, அவ்வளவே. அறைத் திருத்தமும் இந்தப் பக்கமே சாய்கிறது. பதிவில் குறையாத ஒன்று இருப்பதாகவும் அறை அதை மறைப்பதாகவும் நம்புகிறது. (நித்தியத்துக்கு இவ்வளவு விலையா என்பது வேறு கேள்வி.)

திருத்த ஒலியே இல்லாத அறையும் உண்டு. காலாப்பட்டுக்கு அருகிலுள்ள ஆரோவில்லில், தியானத்துக்கான மாத்ரிமந்திரின் வெள்ளைச் சலவைக்கல் உள்ளறை 12 தூண்களோடு நிற்கிறது. அங்கே இசையே கிடையாது.