தண்டு வலித்த கை

முன்னோரை நினைவுகூர்வது எதற்காக? நமக்கொரு பெருமையைத் தேடிக்கொள்ளவா, அன்றி அவர்களுக்குப் பட்டுள்ள கடனை ஒப்புக்கொள்ளவா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல.

சோழமண்டலக் கரையிலிருந்து சிங்கப்பூர் சென்ற நம்மவரை எண்ணிப் பார்ப்போம். 1819இல் ஆங்கிலேயர் அங்கே வணிகத்தளம் அமைத்தபின், சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் பலர் குடியேறினர். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் அவர்களுக்கென ஒரு பகுதியே ஒதுக்கப்பட்டது. அவர்கள் எல்லோரும் வணிகர்களாக இருந்துவிடவில்லை. பெருங்கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய இயலாமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அவற்றின் சரக்கை ஏற்றிவந்து ஆற்றங்கரைக் கிட்டங்கிகளில் சேர்த்தவை தொங்கான் என்னும் படகுகள். தொடக்கக் காலத்தில் அத்தொழிலில் முன்னின்றவர்கள் சூலியப் படகோட்டிகளே. நீர் ஏறுவதும் வற்றுவதும் அவர்களுடைய வேலை நேரத்தை வகுத்தன.

1826இல் நிறுவப்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. சூலியா தெரு என்னும் பெயரும் நிலைத்திருக்கிறது. ஆனால் அங்கே தண்டு வலித்தவர்களின் பெயர்களை யார் அறிவார்?

தலைமுறைகள் செல்லச் செல்லக் குடும்பக் கதைகள் வளர்வதுண்டு. தண்டு வலித்தவர் படகுக்குச் சொந்தக்காரர் ஆகிறார். படகுக்காரர் கப்பல் முதலாளி ஆகிறார். பாசத்தின் மிகுதி என்று இதனைச் சொல்வர். உண்மையில் இது ஒரு தீர்ப்பு. பூட்டனார் செய்த தொழில் நாணத்தக்கது என்று முதலில் முடிவு செய்த பின்னரே அதனை மறைக்கத் தோன்றுகிறது. ஊரில் அடுப்பெரிய அவர் அனுப்பிய வெள்ளியோ அத்தொழிலில் விளைந்ததுதான்.

“தம் மக்கள் தண்டைத் தொடலாகாது என்றுதானே அவர் உழைத்தார்?” என்று கேட்கலாம். மெய்தான். தாம் பட்ட பாடு மகனுக்கு வேண்டாம் என்று விரும்புவது வேறு. பாடுபட்ட தம்மையே மகன் மறைத்துவிட வேண்டும் என்று விரும்புவது வேறு. முன்னதை எந்தத் தந்தையும் விரும்புவார். பின்னதை யார் விரும்புவார்?

அத்தொழில் பின்னர்ச் சீனர் கைக்கு மாறியது. 1977இல் தொடங்கி 1987இல் நிறைவுற்ற ஆற்றுத் தூய்மைப் பணியின்போது, 1983இல் சரக்குப் படகுகள் ஆற்றை விட்டே அகற்றப்பட்டன. இன்று அங்கே படகுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. மறைந்துபோன தொழிலைப் போற்றுவது எளிது. அதற்கு யாரும் விலை கொடுக்க வேண்டியதில்லை. நம் வாயிலில் இன்று மூட்டை இறக்கும் மனிதரை எவ்வாறு அழைக்கிறோம், அவருக்குரிய கூலியை எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் பூட்டனாரிடம் நாம் கொண்ட மதிப்பின் அளவு தெரியும்.

ஆகவே, பெயர் தெரியாவிடினும் அவர்களை நம் பாத்திஹாவில் சேர்த்துக்கொள்வோம். அவர் என்ன தொழில் செய்தார் என்று பிள்ளைகள் கேட்டால், “படகு வலித்தார்” என்றே சொல்வோம். அதற்குமேல் ஒரு பட்டம் அவருக்குத் தேவையில்லை.