உரிமையில்லாத கேள்விக்கு என்ன பதில்?

கல்லூரிக்குக் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வரும் மாதங்களில், இறுதியாண்டு மாணவிகளுக்கு ஒரு சனிக்கிழமை பயிற்சி கொடுக்கச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பேசப் பழக்க ஓசூரிலிருந்து பயிற்சியாளர்கள் வருவார்கள். பயப்படாமல் பேசப் பழக்க தமிழ்த்துறையில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். கவிதை எழுதுகிறவளுக்குப் பயம் இருக்காது என்று யாரோ நம்பியிருக்க வேண்டும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, எல்லாரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் நின்றாள். காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு கேட்டாள்.

“மேடம், மெட்டியக் கழட்டிட்டுப் போனா தப்பா?”

ஆவணியில் அவளுக்குத் திருமணம் முடிந்திருந்தது. கணவருக்கு ராயக்கோட்டை தக்காளி மண்டியில் வேலை. தேர்வு முடியட்டும் என்று அவள் கேட்டும் வீட்டில் கேட்கவில்லை. கல்யாணமானவளை எடுக்க மாட்டார்கள் என்று முந்தைய ஆண்டு போன அக்காக்கள் சொல்லியிருக்கிறார்கள். தாலியைச் சுடிதாருக்குள் மறைத்துவிடலாம். மெட்டியை மறைக்க முடியாது. கழற்றினாலும் விரலில் வெளுத்த தடம் இருக்கும். “கேட்டா என்ன சொல்லட்டும் மேடம்?”

அன்று காலைதான் நான் அவர்களிடம் சொல்லியிருந்தேன்: கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், உண்மையைச் சொல்லுங்கள், உண்மை சொல்கிறவளுக்குக் குரல் நடுங்காது. மாலைக்குள் என் பாடம் பொய்த்துவிட்டது.

கெலமங்கலத்தில் விடியுமுன்பே கம்பெனிப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ராகியும் ரோஜாவும் விளைந்த இந்தப் பக்கத்து நிலங்களில், கடந்த சில ஆண்டுகளில் கைப்பேசி உதிரிபாகத் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. அவற்றில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். இவர்களுடைய அம்மாக்கள் கூலிக்குக் களை எடுத்தவர்கள். மாதச் சம்பளம், வங்கிக் கணக்கு, தன் பெயரில் ஒரு சிம் கார்டு: இவை எவ்வளவு பெரியவை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. ஆகவே அந்த மெட்டிக் கேள்வியை ஒரு சிறிய பொய்யைப் பற்றிய கேள்வியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தன்னம்பிக்கைப் பயிற்சி என்று நாம் எதைச் சொல்லித்தருகிறோம்? நிமிர்ந்து உட்கார், கையைப் பிசையாதே, உன்னைப் பற்றிச் சொல் என்றால் தயங்காமல் ஆரம்பி. பதினெட்டு வருடம் சத்தமாகச் சிரிக்காதே என்று வளர்த்த பெண்ணிடம், இரண்டு மணி நேரத்தில் குரலை உயர்த்தச் சொல்கிறோம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வகுப்பில் தமிழ், பக்கத்து வீட்டு உருதும் கொஞ்சம் என்று வளர்ந்தவள், “எனக்கு லாங்குவேஜ் வராது மேடம்” என்கிறாள். ஆங்கிலம் என்கிற ஐந்தாவது மொழி இல்லாததால் மற்ற நான்கும் கணக்கில் வராமல் போகின்றன. அவளிடம் குறையாக இருப்பது நம்பிக்கைதானா என்று நாம் கேட்பதில்லை. அவளை மதிப்பிடும் மேசையின் மீது யாரும் சந்தேகப்படுவதில்லை.

அவளுக்குப் பதில் சொல்லும் முன் என் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, முனைவர் பட்டத்தோடு ஒரு தனியார் கல்லூரியின் நேர்காணலுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்கள். சங்க இலக்கியம் பற்றி ஒரு கேள்வி. பிறகு, “கல்யாணமாகி எவ்வளவு நாள் ஆச்சு? குழந்தை எப்போ?” என்றார் நடுவில் இருந்தவர். அப்போது எனக்கு இரண்டு மாதம். “இப்போதைக்கு இல்லை சார்” என்றேன். குரல் நடுங்கவே இல்லை. வேலை கிடைத்தது. அடுத்த இரண்டு மாதம் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன், சத்தம் வெளியே கேட்காதிருக்க. வயிறு தெரிந்தபோது துறைத்தலைவர் என்னைப் பார்த்த பார்வையில், திருடியைப் பிடித்துவிட்ட நிறைவு இருந்தது. நானும் திருடிபோலத்தான் தலைகுனிந்தேன்.

அந்தப் பொய் தவறா? நெடுநாள் இந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறேன். 1797இல் இரண்டு ஐரோப்பியர்கள் இதையொத்த ஒரு கேள்வியைப் பற்றித் தர்க்கித்தார்கள். உண்மையைக் கேட்க உரிமை உள்ளவனுக்கு மட்டுமே உண்மையைச் சொல்லக் கடமை உண்டு என்றார் பெஞ்சமின் கான்ஸ்டன்ட். இம்மானுவேல் காண்ட் மறுத்தார். நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது; ஒரு பொய் ஒருவருக்கு மட்டும் இழைக்கும் தீங்கல்ல, மனிதகுலத்துக்கே இழைக்கும் தீங்கு என்றார். நம் வள்ளுவரோ, குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கத்தக்கது என்ற கருத்தைச் சொல்லிவைத்திருக்கிறார்.

நான் கான்ஸ்டன்ட் பக்கம். ஆனாலும் காண்டின் எடுத்துக்காட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் பொய் சொல்ல நேர்கிறவன் வீட்டுக்குள் இருக்கிறான், கேட்பவன் வெளியே நிற்கிறான். நேர்காணலில் நிற்கும் பெண்ணுக்கு இது தலைகீழ். அவள் வெளியே நிற்கிறாள், கதவு கேட்பவன் கையில் இருக்கிறது. “சொல்ல விரும்பவில்லை” என்று மௌனம் காத்தாலே அது பதிலாகிவிடும். மௌனம் காக்கும் உரிமையே இல்லாத இடத்தில் உண்மை சொல்லும் கடமை மட்டும் எப்படி வரும்?

இதே ஓசூர் மண்ணுக்கு ஒரு நேர்காணலின் கதை சொந்தமாக இருக்கிறது. அன்னா ராஜம் ஜார்ஜ், கேரளத்தில் பிறந்து சென்னையில் படித்தவர். 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் பெண். நேர்காணல் குழுவில் இருந்தவர்கள் அவரை ஆட்சிப் பணியிலிருந்து திசைதிருப்பப் பார்த்தார்கள். வெளியுறவுப் பணி போன்றவைதான் பெண்களுக்குப் பொருத்தம் என்றார்கள். அவர் விடவில்லை, வாதாடினார். திருமணம் செய்தால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனையோடுதான் நியமனம் வந்தது. சென்னை மாகாணத்தைத் தேர்ந்து வந்தபோது முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். களப்பணி வேண்டாம், தலைமைச் செயலகத்தில் இருக்கலாமே என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் முடித்திருந்த அன்னா, சட்டம் ஒழுங்கைக் கையாள ஆண்களுக்கு நான் குறைந்தவளல்ல என்று நின்றார். அவருக்குக் கிடைத்த இடம் ஓசூர், சார் ஆட்சியர் பதவி. திருமண விதி சில ஆண்டுகளில் மாறியது. பின்னாளில் தன்னோடு பணியில் சேர்ந்த ஆர்.என். மல்ஹோத்ராவை மணந்து, பணியிலும் தொடர்ந்தார். 1989இல் பத்ம பூஷண்.

இந்தக் கதையை ஆண்டுதோறும் மாணவிகளுக்குச் சொல்வேன். மெட்டிக் கேள்விக்குப் பிறகுதான் அதில் விட்டுப்போன ஒன்று எனக்குத் தெரிந்தது. அன்னாவால் உண்மையைப் பேசியே வாதாட முடிந்தது. தேர்வில் வாங்கிய மதிப்பெண் அவர் கையில் இருந்தது, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் இருந்தது, அவர் மணமாகாதவராகவும் இருந்தார். அவருடைய துணிச்சலை இது குறைக்கவில்லை. ஆனால் உண்மை பேசுவதற்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதில்லை. தக்காளி மண்டிக்காரரின் மனைவியிடம், அன்னாவைப் போல வாதாடு என்று சொல்வது எனக்குச் சுலபம், அவளுக்கு அல்ல.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அன்றைய பாகுபாடு எழுத்தில் இருந்தது. 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, நம் எல்லைக்கு அப்பால் குடகில் பிறந்தவர். மணமானால் விலகுவேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது அவருக்கு. பின்னர் அவர் உச்ச நீதிமன்றம் போனபோது, 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாட முடிந்தது, ஏனென்றால் சாடுவதற்கு ஒரு காகிதம் இருந்தது. இன்று அது வாய்மொழியில், வாசற்கதவில் நடக்கிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், திருப்பெரும்புதூரின் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களைத் தவிர்ப்பதாக ஒரு புலனாய்வை வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்றது. மணமான பெண் என்பதற்காகக் கூடாது என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் என் மாணவியின் மெட்டி மாட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பெனிகளுக்கு என்ன பயம்? மகப்பேறு நலச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. 2017இல் முதல் இரண்டு பேறுகளுக்கு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. நல்ல திருத்தம். ஆனால் தொழிலாளர் ஈட்டுறுதிக்குள் வராத பெண்களுக்கு அந்தச் சம்பளம் முழுவதையும் முதலாளியே தர வேண்டும். குழந்தை எல்லாருக்கும் வேண்டும். செலவை ஏற்க யாருக்கும் மனமில்லை. கடைசியில் அது ஒரு இருபது வயதுப் பெண்ணின் கால்விரலில் வந்து இறங்குகிறது.

நான் அவளிடம் சொன்னது இதுதான்: “நீ சொல்லப்போறது பாவமில்லம்மா. ஆனா அது அந்த மேசையோட முடியாது.” பொய் முதலாளிக்குச் செய்யும் துரோகம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது அவள் தோளிலேயே தங்கும். வேலை கிடைத்ததும் வருங்கால வைப்புநிதிப் படிவம் வரும், மணமானவரா என்று கேட்கும். வாரிசு யார் என்று கேட்கும். ஈட்டுறுதி அட்டையில் குடும்பத்தைக் கேட்கும். அம்மா பெயரை எழுதினால், நாளை அவளுக்கு ஏதாவது ஆனால் கணவர் அலைவார். கர்ப்பமானால் நான் குழாயைத் திறந்துவிட்டதுபோல அவளும் திறந்துவிட வேண்டிவரும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடு, எந்த முடிவானாலும் நான் உன் பக்கம் என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “நீங்க இப்ப அந்தப் பக்கம் உக்காந்தா, கேப்பீங்களா மேடம்?”

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். ஏனென்றால் சென்ற ஆண்டு நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தற்காலிகப் பணியிடத்துக்கான தேர்வுக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். வந்தவள் கெட்டிக்காரி. பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: “கைக்குழந்தையாமே, யார் பாத்துக்குவாங்க?” அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்கவில்லைதான். ஆனால் கேட்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்தபடி இருந்தேன். வேலை வேறொருவருக்குப் போனது.

இருபது ஆண்டுகளுக்கு முன் சொன்ன பொய்யோடு எனக்குச் சமாதானம் வந்துவிட்டது. சென்ற ஆண்டு காத்த மௌனத்தோடு வரவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னபோது என்னிடம் அதிகாரம் இல்லை. மௌனம் காத்தபோது இருந்தது. தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் வேலை கேட்டு வருகிறவளையே பார்க்கிறோம். நேர்காணலுக்குத் துணிச்சலோடு தயாராக வேண்டியவள் நான்தான். ஒரு கேள்வியை இடைமறித்து, “இது வேண்டாம் சார், வேறு கேளுங்கள்” என்று சொல்ல எனக்கு எட்டுச் சொற்கள்கூடத் தேவைப்பட்டிருக்காது.

மாணவியிடம் இதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. “அடுத்த தடவை கேளுங்க மேடம்” என்றாள், நான் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் அதே தொனியில்.

அவள் மெட்டியைக் கழற்றிக்கொண்டுதான் போனாள். கேள்வி வந்தது, இல்லை என்றாள், எடுத்துக்கொண்டார்கள். இப்போது விடியற்காலைப் பேருந்தில் போகிறாள். படிவத்தில் வாரிசு என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெட்டி போட்டுக்கொள்கிறாள்.

இந்த ஆண்டு சனிக்கிழமைப் பயிற்சியில் ஒரு மாற்றம் செய்தேன். சக ஆசிரியர்களையும் வரச் சொல்லி, அவர்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, என்ன கேட்கக்கூடாது என்று பழக்கினோம். மாணவிகள்தான் திருத்தினார்கள். அடுத்த மாதம் மறுபடியும் ஒரு தேர்வுக் குழுவில் என் பெயர் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை நான் இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.