வகுப்பறையில் கேமரா வேண்டுமா?

மதுரை பழங்காநத்தத்தில் உள்ள பள்ளி ஒன்றில், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பெற்றோர் கூட்டம் நடைபெற்றது. பள்ளியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு மதுரைக்கு வந்து குடியேறிய நம்மவர் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் அங்குப் பயில்வதால் நாமும் சென்றிருந்தோம். கட்டண உயர்வைப் பற்றிப் பேசுவார்கள் என்று எண்ணிச் சென்றோம். நிர்வாகத்தார் எடுத்துவைத்த பொருளோ வேறு. எல்லா வகுப்பறைகளிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தப் போவதாகவும், படத்தோடு பேச்சும் பதிவாகும் என்றும், பெற்றோர் விரும்பினால் தத்தம் கைப்பேசியிலேயே வகுப்பைக் காணலாம் என்றும் அறிவித்தார்கள். கைகள் மளமளவென்று உயர்ந்தன. பின்சுவரை ஒட்டி நின்ற ஆசிரியப் பெருமக்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் சமுதாயத்தில் உழவுக்கு அடுத்தபடியாக ஆசிரியப் பணியை மேற்கொண்டோர் மிகுதி என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தச் சுவர் ஓரத்து மௌனம் எம்மை வீடு வரை தொடர்ந்து வந்தது.

இவ்வெண்ணம் அப்பள்ளிக்கு மட்டும் தோன்றியதன்று. 2017 செப்டம்பரில் குருகிராமத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தன் பள்ளிக்குள்ளேயே கொல்லப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அடுத்த சனவரியில் தில்லி மாநில அரசு தன் பள்ளிகளின் வகுப்பறைகளில் கேமரா பொருத்துவதாக அறிவித்து, 2019 சூலையில் பணியைத் தொடங்கியது. அதற்குத் தடை விதிக்குமாறு சட்ட மாணவர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. பின்னர் 2025 சூலையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் இணைப்புப் பெற்ற பள்ளிகளுக்கு ஒரு விதியை வகுத்தது. நுழைவாயில், நடைவழி, மாடிப்படி, நூலகம், உணவகம் இவற்றோடு வகுப்பறையிலும் ஒலியும் ஒளியும் பதியும் கேமரா இருத்தல் வேண்டும், கழிவறை மட்டும் விலக்கு, பதிவைக் குறைந்தது 15 நாள் காத்துவைத்தல் வேண்டும் என்பது அவ்விதி. நாம் சென்ற பள்ளி மாநிலப் பாடத்திட்டத்தைச் சேர்ந்தது. அவ்விதி அதனைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அவர்கள் வைத்துவிட்டார்கள், நாம் பின்தங்கலாமா என்பது நிர்வாகத்தாரின் வாதமாக இருந்தது.

வாயிலிலும் நடைவழியிலும் ஆள் நடமாட்டமற்ற மூலைகளிலும் பள்ளி வாகனத்திலும் கேமரா இருப்பதில் எமக்கு மறுப்பில்லை. அங்கு எவரும் எதனையும் கற்பதில்லை. வருவோர் போவோர் யார் என்று அறிவதே அங்குத் தேவை. கேள்வி வகுப்பறையைப் பற்றியது.

நம் புராணங்களில் க்ஷீரகதம்பர் என்னும் ஆசிரியரின் கதை உண்டு. அவரிடம் மூவர் பயின்றனர்: அவருடைய மகன் பர்வதன், அரசகுமாரன் வசு, நாரதன். அவர்களைச் சோதிக்க விரும்பிய ஆசிரியர், மாவினால் செய்த கோழி ஒன்றை ஒவ்வொருவரிடமும் தந்து, எவரும் காணாத இடத்தில் இதனைக் கொன்று வருக என்றார். (மாவுக்கோழி என்றதும் யசோதர காவியம் நினைவுக்கு வரும். அது வேறு.) பர்வதனும் வசுவும் தனியிடம் தேடிச் சென்று காரியத்தை முடித்துத் திரும்பினர். நாரதன் கோழியை அப்படியே கொண்டுவந்தான். எவரும் காணாத இடம் எங்கும் இல்லை, நானே காண்கிறேனே என்றான். தம் மகனும் அரசகுமாரனும் தேறவில்லை என்பதை உணர்ந்த ஆசிரியர் உளம் நொந்து துறவு பூண்டார் என்று கதை செல்கிறது.

இக்கதையைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாரதனின் மறுமொழியோடு நிறுத்திவிடுகிறோம். ஆசிரியர் செய்யாத ஒன்றையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் மாணவர்களின் பின்னே ஓர் ஆளை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் இருவரின் தவறு அவருக்குத் தெரிந்திருக்கும். நாரதன் யாரென்று தெரிந்திராது. தன்னை ஒருவன் தொடர்கிறான் என்று அறிந்த மாணவன் கோழியைக் கொல்லாதிருந்தால், அதற்குக் காரணம் அவன் நெஞ்சமா, பின்னே வந்த ஆளா என்று எப்படிப் பிரித்தறிவது? மாணவனுக்கே அது தெரியாமற் போகும். எமக்கு மிகவும் அச்சமூட்டுவது இதுதான்.

கதையின் பிற்பகுதியும் இங்குப் பொருந்தும். வசு அரசனானான். வேள்விக்குரிய 'அஜம்' என்னும் சொல்லுக்கு ஆடு என்று பர்வதனும், முளைக்காத பழந்தானியம் என்று நாரதனும் பொருள் கூறி வழக்கிட்டபோது, ஆசிரியர் சொன்ன பொருளை அறிந்த வசு, நிறைந்த அவையில், அனைவர் கண்ணெதிரிலும் பொய் உரைத்தான். காணும் கண்களுக்கு அங்குக் குறைவில்லை.

நம் சமயம் கூறும் அருகக் கடவுள் முக்காலமும் உணர்ந்தவர். ஆயினும் தவறு செய்தவனைத் தண்டிக்க அவர் வருவதில்லை. அவரவர் வினை அவரவர்க்கே. எல்லாம் அறிந்தவரை வணங்குகின்ற நாம், அவர் பார்க்கிறார் என்ற அச்சத்தினால் ஒழுகுவதில்லை. அச்சத்திற்கு அத்தனை சிறிய இடம் தந்த ஒரு நெறியில் பிறந்துவிட்டு, நம் பிள்ளைகளின் ஒழுக்கத்தைச் சுவரில் மாட்டிய ஒரு கருவியிடம் ஒப்படைப்பது எவ்வாறு?

பள்ளியில் கண்காணிப்பே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1789 முதல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மாணவரைக் கொண்டே மாணவரைப் பயிற்றும் முறையை இங்கு வளர்த்து, அதை 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். சென்னையின் பெயராலேயே அம்முறை அங்கு வழங்கியது. எம் காலத்து வகுப்புத் தலைவனும் அந்தச் சட்டாம்பிள்ளையின் வாரிசே. ஆசிரியர் வெளியே சென்றால் பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவான். கெஞ்சினால் ஒரு பெயரை அழிப்பான். பகை இருந்தால் பேசாதவன் பெயரையும் எழுதுவான். அதில் அநியாயம் உண்டு. ஆனால் ஆசிரியர் வந்து இரண்டு அதட்டு அதட்டிப் பலகையைத் துடைத்ததும் அத்தனையும் முடிந்துவிடும். அடுத்த பாடம் சுத்தமான பலகையில் தொடங்கும்.

கேமராவுக்குத் துடைக்கும் துணி இல்லை. 15 நாளில் பதிவு அழியும் என்பார்கள். கைப்பேசியில் காணக்கூடிய ஒன்றை மற்றொரு கைப்பேசியால் படம் பிடிக்க நொடிப்பொழுது போதும். பெருக்கல் வாய்பாட்டில் ஏழாவது வரியில் திக்கிய சிறுமி, நாற்பது வீடுகளில் திக்கியவள் ஆவாள். அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மையார் அவளைப் பார்த்துச் சிரிப்பார். மறுநாள் அவள் கையை உயர்த்துவாளா? தெரியாது என்று சொல்லத் துணிவதுதான் கல்வியின் முதற்படி. அத்துணிவு ஒரு பிள்ளைக்குத் தன்னை அறிந்த ஆசிரியர் முன்னும், தன்னைப் போலவே திக்குகின்ற தோழர் முன்னும்தான் வரும்.

சீனத்தின் ஹாங்சோ நகரில் ஒரு பள்ளியில், 2018இல், முப்பது நொடிக்கு ஒரு முறை மாணவர் முகங்களை ஆராய்ந்து, கவனிக்கிறார்களா, களைத்திருக்கிறார்களா, சினந்திருக்கிறார்களா என்று கணக்கிடும் கேமராக்களை அமைத்தார்கள். அங்கு மாணவன் கற்றுக்கொள்ளக்கூடிய முதற்பாடம் கவனிப்பது போன்ற முகத்தை வைத்துக்கொள்வது எப்படி என்பதாகத்தான் இருக்கும்.

ஆசிரியர் நிலை என்ன? மாண்டிநீக்ரோ நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணிதத் துறையில் 2011இல் விரிவுரைக் கூடங்களில் கேமரா வைத்தார்கள். உடைமைகளின் பாதுகாப்போடு, கற்பித்தலைக் கண்காணிப்பதும் நோக்கம் என்றார்கள். இரு பேராசிரியர்கள் வழக்குத் தொடுத்தனர். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று, 2017 நவம்பரில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. நீதிபதிகள் எழுவரில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறு பக்கம். அத்துணை நெருக்கமான கேள்வி இது. ஆசிரியன் மாணவரோடு உறவு கொள்ளும் இடம் வகுப்பறை, அவனுடைய தனிவாழ்வின் ஒரு பகுதி அங்கும் இருக்கிறது என்பதைப் பெரும்பான்மையோர் ஏற்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததையும் இங்கு நினைவுகூர்கிறோம்.

சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். பார்க்கப்படும் ஆசிரியர் பாடத்தை விட்டு விலகார். ஒரு பிள்ளை வாடிய முகத்தோடு வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு அருகில் அமர்ந்து விசாரிக்கும் பத்து நிமிடம், தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு வேலை செய்யாத பத்து நிமிடமாகத் தோன்றும். அந்தப் பத்து நிமிடத்தை இழந்துவிட்டு எந்தப் பாதுகாப்பைப் பெறப்போகிறோம்?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது எளியதன்று. ஆசிரியர்களிலேயே தீயோர் உள்ளனர். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருந்தும் பிரம்பு முற்றிலும் மறையவில்லை. அதனினும் கொடியவையும் நடக்கின்றன. ஆனால் அவை எவ்வாறு வெளிவருகின்றன என்று பாருங்கள். 2021 மே மாதம் சென்னையில் பெயர்பெற்ற பள்ளி ஒன்றின் ஆசிரியர் கைதானார். பெருந்தொற்றுக் காலமாதலால் வகுப்புகள் இணையவழியில் நடந்துகொண்டிருந்தன. கேமராவின் முன்னிலையிலேயே முறைகேடாக நடந்துகொண்டார் என்பதும் புகார்களில் ஒன்று. அக்கேமரா அவரைத் தடுக்கவில்லை. முன்னாள் மாணவியர் பலர் துணிந்து பேசினர்; அதன் பிறகே காவல்துறை வந்தது. அவர்கள் பயின்ற காலத்திலேயே ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருந்தால் எத்தனை ஆண்டுத் துன்பம் குறைந்திருக்கும்! பிள்ளைகளுக்காக 1098, மாநிலக் கல்வித்துறையின் 14417 ஆகிய எண்கள் இருக்கின்றன. கூட்டத்தில் கை உயர்த்திய பெற்றோரில் எத்தனை பேர் அவ்வெண்களைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்று கேட்க நாம் விரும்பினோம். நேரம் தரப்படவில்லை.

பழங்காநத்தத்திலிருந்து மேற்கே நாகமலைப் புதுக்கோட்டை வழியாகச் சென்றால் கீழக்குயில்குடிச் சமணர் மலையை அடையலாம். துறவியர் உறைந்த பள்ளிகளிலிருந்தே கல்விக்கூடத்திற்குப் பள்ளி என்னும் பெயர் வந்தது என்பர். அம்மலையின் செட்டிப்புடவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, குரண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்று மூன்று தலைமுறையைப் பொறித்திருக்கிறது. மாணாக்கர் பெயரைச் சொன்னால் ஆசிரியர் பெயரும் உடன் வரும். மாணவன் வழுவினால் ஊரார் யாரைக் கேட்பார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியும். அத்தகைய பொறுப்பு முகம் அறிந்தவர்களிடையே உண்டாவது. இன்றைய பெற்றோரில் தம் பிள்ளையின் வகுப்பாசிரியர் பெயரைத் தயங்காமல் சொல்லக்கூடியவர் பாதிப்பேராவது இருப்பார்களா? வகுப்பைக் கைப்பேசியில் பார்க்க நேரமுள்ளவர்க்கு, மாதம் ஒரு முறை பள்ளிக்குச் சென்று ஆசிரியரோடு கால்மணி பேச நேரம் இராதா?

இவ்வளவும் எழுதிய பின்னும் கூட்டத்தில் எழுந்த ஒரு தாயின் குரலுக்கு எம்மிடம் நிறைவான விடை இல்லை. தம் மகனுக்குப் பேச்சு வராது. எவர் காது கொடுத்தாலும் அவனால் சொல்ல இயலாது. அவன் முதுகில் ஒரு நாள் கன்றியிருந்தது, எப்படி என்று இன்று வரை தமக்குத் தெரியாது என்றார் அவர். குழந்தையின் குரலை நம்புங்கள் என்று நாம் சொல்வதெல்லாம், குரல் உள்ள பிள்ளைக்கே ஆகும். அத்தகைய பிள்ளைகளும் மழலையரும் இருக்கும் அறையில் எந்த நேரமும் பெரியவர் இருவர் இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. இரண்டாம் ஆளுக்குச் சம்பளம் தர இயலாது என்று பள்ளி கூறுமானால், அந்த ஓர் அறையில் கேமரா இருக்கட்டும் என்றே சொல்வோம். ஒலி வேண்டா, கைப்பேசியில் காட்டவும் வேண்டா. ஐயம் எழுந்தால் மட்டும், பெற்றோரும் ஆசிரியரும் உடனிருக்கப் பதிவைத் திறக்கலாம். அறக்கொள்கையில் இது ஒரு விட்டுக்கொடுத்தல் என்பதை அறிவோம். அத்தாயின் முகத்தைப் பார்த்தபின் விட்டுக்கொடுக்காதிருக்க எமக்கு இயலவில்லை.

இக்கருத்துகளை எழுத்தில் நிர்வாகத்தாரிடம் தந்துள்ளோம். நடைவழிக் கேமராக்கள் வந்துவிட்டன. வகுப்பறை பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாகக் கூறியிருக்கிறார்கள். அன்று ஆசிரியர்களுக்கும் நாற்காலி போட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், போடுவதாகச் சொன்னார்கள்.