பழமும் நிழலும்

சுபுஹுத் தொழுகை தவறிப்போன ஒரு நாளை நாம் நினைத்துப் பார்ப்போம். பாங்கு காதில் விழத்தான் செய்தது. போர்வை இதமாயிருந்தது. ‘இன்னும் சற்று நேரம்’ என்றது நஃப்ஸு; நாமும் இணங்கினோம். அன்று பகலெல்லாம் மனம் உறுத்திற்று. ஆனால், ஒரு மாதம் சென்று அதே நாளை நினைத்தால், ‘அன்று உடம்புக்கு முடியவில்லை’ என்றல்லவா ஞாபகத்துக்கு வருகிறது! நாம் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. உறுத்தலைத் தாங்காத மனம் நினைக்கும்போதெல்லாம் போர்வையை மறைத்து, இல்லாத தலைவலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவிட்டது.

தபூக் போருக்குச் செல்லாமல் மதீனாவிலேயே தங்கிவிட்ட கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் நினைவு இப்படிப்பட்டதன்று. அது ஹிஜ்ரி 9-ல் (கி.பி. 630) நடந்தது. கண்பார்வை இழந்த முதுமையில், தம்மைக் கைபிடித்து அழைத்துச் சென்ற மகன் அப்துல்லாஹ் (ரஹ்) அவர்களிடம் அதைச் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியில் நீண்ட ஹதீஸாக அது உள்ளது.

கடும் வெயில் காலம். பழங்கள் கனிந்து, நிழல் இனித்த வேளை. தம் உள்ளம் அவற்றின் பக்கமே சாய்ந்ததை அவர்கள் ஒளிக்கவில்லை. அதற்கு முன் ஒருபோதும் இருந்திராத உடல் வலிமையும் வசதியும் அப்போது இருந்தன; 2 வாகன ஒட்டகங்களும் இருந்தன. பயண ஏற்பாட்டுக்கெனக் காலையில் புறப்படுவார்கள். ஒன்றும் செய்யாமல் திரும்புவார்கள். நினைத்தால் முடியுமே என்ற எண்ணம்! படை போயே விட்டது.

நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பியதும், தங்கிவிட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டோர் சாக்குச் சொல்லித் தப்பினர். பேச்சு வன்மை மிக்க இந்தக் கவிஞரோ தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்றே சொன்னார்கள். 50 இரவுகள் ஒருவரும் பேசவில்லை. 40-ஆம் நாள் மனைவியை விட்டும் விலகியிருக்கக் கட்டளை வந்தது. இதற்கிடையில், தம்மிடம் வந்துவிடும்படி கஸ்ஸான் மன்னனின் கடிதம்! அதுவும் ஒரு சோதனையே என்று உணர்ந்து, அதை அடுப்பிலிட்டார்கள்.

மன்னிப்பு இறங்கியது, தவ்பா அத்தியாயம் 118-ஆம் வசனத்தில் அது உள்ளது. அன்று எழுந்தோடி வந்து கைகொடுத்த தல்ஹா (ரலி) அவர்களைக் கஅபு (ரலி) அவர்கள் என்றும் மறக்கவில்லை. அந்தப் பழத்தையும் நிழலையும் மறக்கவில்லை. மன்னிப்புக் கிடைத்த பிறகு அவ்விடத்தில் ஒரு நோயை வைத்துச் சொல்லியிருந்தால், மகன் மறுத்துக் கேட்டிருக்கவா போகிறார்?