நிழலுருவும் பெயரின்மையும்

அமெச்சூர் என்ற சொல்லைத் தமிழில் நாம் சற்று இளப்பமாகவே வழங்கி வந்திருக்கிறோம். தொழில் தெரியாதவன், அரைகுறை, ஞாயிற்றுக்கிழமைக் கலைஞன் என்கிற அர்த்தத்தில். அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் நேசிப்பவன். அவனுக்குக் கூலி இல்லை, கெடு இல்லை, படம் எங்கே என்று கேட்டு யாரும் வாசலில் நிற்பதில்லை. பத்திரிகைக்காரனுக்கும் கல்யாண ஸ்டூடியோக்காரனுக்கும் வாய்க்காத சுதந்திரம் இது. இதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான் என்று கேட்கும் உரிமை, அவன் படங்களின் முன் நிற்கிற நமக்கு உண்டு என்றே தோன்றுகிறது.

எங்கள் கே.கே. நகரில் ஒரு நண்பர். என்னைப் போலவே வங்கி கவுண்டரில் உட்காருகிறவர். பல வருஷங்களாக விடியலையும் அந்தியையும் துரத்திக்கொண்டிருக்கிறார். வார நாட்களில் காவிரிப் பாலம், மலைக்கோட்டை, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் – 1987இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த 236 அடி உயரம், ஆற்றின் எந்தக் கரையிலிருந்து காமிராவைத் திருப்பினாலும் அழையாமல் சட்டத்துக்குள் வந்து நிற்கிறது. வங்கி விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வந்தால் முதல் நாள் இரவே கிளம்பி நாகப்பட்டினம் அல்லது தரங்கம்பாடி. அவர் எடுத்தவற்றில் சில நூறு படங்களையாவது நான் பார்த்திருப்பேன். தேர்ச்சி குறித்துச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படங்களில் ஒருவருக்கும் முகம் இல்லை.

இதற்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. அடிவானத்தில் நிற்கும் சூரியனின் ஒளி அதிகமான காற்றைக் கடந்து நம்மிடம் வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. அந்த வானத்துக்கு ஏற்ப காமிராவைப் பொருத்தினால் அதன் முன் நிற்பதெல்லாம் கறுத்துவிடும். வலை இழுப்பவர், படகு தள்ளுபவர், கூடை சுமப்பவர் எல்லோரும் கறுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டியவர்களாக ஆகிவிடுகிறார்கள். இதைத்தான் நிழலுரு என்கிறார்கள். இன்னொரு காரணம் அவசரம். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக எழுகிறது. மங்கல் ஒளி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் நீடித்தால் அதிகம். லண்டனில் எந்தப் பருவத்திலும் அரைமணிக்குக் குறையாது. மேல்நாட்டுக் கையேடுகள் சொல்லும் நிதானமெல்லாம் அந்த வானத்துக்கு உரியது. நம் ஆள் இருபது நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். எனவே படத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறான். கரையில் அதற்கு ஆள் தேடுகிறான்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் தந்த பதில் லேசானதல்ல. நெய்தலுக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வைத்தவர்கள் நம்மவர்கள்தானே என்றார். சூரியன் சாயும் வேளை என்றே பெரும்பாலான உரைகள் அதற்குப் பொருள் கொள்கின்றன. கடற்கரையையும் அந்தியையும் சேர்த்துப் பார்ப்பது ஏதோ காலண்டர்க் கம்பெனி கண்டுபிடித்ததல்ல. இன்னும் ஒன்று சொன்னார்: அகத்திணையில் யாருக்கும் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியமே விதிக்கிறது, பெயரை நீக்கினால்தான் ஒருத்தியின் துயரம் எல்லோருக்கும் உரியதாகும், நான் முகத்தை நீக்குகிறேன், வித்தியாசம் என்ன?

வித்தியாசம் இருக்கிறது. அகக்கவிதை பெயரை எடுத்துக்கொண்டு பேச்சைக் கொடுக்கிறது. பெயரில்லாத அந்தப் பெண் இன்னாரிடம், இன்ன பொழுதில், இன்ன காரணத்துக்காகப் பேசுகிறாள். அவள் சொல்வதைத் தோழி சொல்ல முடியாது, தாய் சொல்ல முடியாது. பொழுது அவளுடைய இரங்கலுக்கு உரியதாக அங்கே வருகிறது. நிழலுருவில் நடப்பது தலைகீழ். பொழுது முழுதாக நிற்கிறது. ஆள் அதன் அளவைக் காட்ட ஊன்றிய குச்சி. அவருக்குப் பதில் வேறொருவர் நின்றிருந்தால் படம் மாறுமா? மாறாது என்றால் அங்கே பெயரின்மை இல்லை, ஆளே இல்லை.

கருவியின் குறை என்று ஒரு காலத்தில் சொல்லலாம். 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் நம் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் காகித நெகடிவில் எடுத்தார். நகராத கல்தான் அதில் தெளிவாகப் பதியும், நடமாடுகிறவர்கள் கரைந்துபோவார்கள். வானமும் வெறுமையாகவே வரும். ட்ரைப் நெகடிவின் மேல் வண்ணம் தொட்டு மேகங்களைச் சேர்த்தார். இல்லாத மேகத்தை வரைய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கரைந்துபோன மனிதர்களைப் பற்றி அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை. நம் அந்திப் படங்களின் வம்சாவளி அங்கே தொடங்குவதாக எனக்கு ஒரு எண்ணம். ஸ்லைடு ஃபிலிம் காலம் வரைகூட, வானமா முகமா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. இன்று கைபேசியே நாலைந்து படங்களைச் சேர்த்து இருட்டில் இருக்கும் முகத்தை மீட்டுத் தருகிறது. ஆகவே நிழலுரு இனி ஒரு தீர்மானம். அதற்கும் முன்பாக, இதற்கு விஞ்ஞானமே தேவைப்பட்டதில்லை. கணுக்கால் தண்ணீரில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் போதும். அதே விடியல் வெளிச்சம் எதிரே இருப்பவர் முகத்தில் விழும்.

திரும்பி நிற்காததால் எதெல்லாம் தப்பிப்போகிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது; மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். நண்பரின் ஆகச் சிறந்த நாகப்பட்டினப் படங்கள் அந்த மாதங்களில் எடுத்தவை. வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகள், அசையாத தண்ணீர், கொடிமரங்களின் பின்னால் தாமிர நிறம். அமைதி என்று தலைப்பிட்டிருந்தார். அது வேலையில்லாத நாட்களின் அமைதி. ஓர் உதவித்தொகையையும் கடனையும் வைத்து அறுபத்தொரு நாளை ஓட்டுகிற வீடுகளின் அமைதி. படத்தில் அது இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எடுத்தவருக்கு அது தெரிந்திருந்தால் தலைப்பாவது வேறாக இருந்திருக்கும்.

முகத்தைக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. சுருக்கம் விழுந்த கிழ மீனவர் முகம் போட்டிகளில் பரிசு வாங்குகிற இன்னொரு வாய்ப்பாடு. அதிலும் எந்தக் கிழவராக இருந்தாலும் சரிதான். மறுபக்கம், 2004 டிசம்பர் 28இல் கடலூரில் ராய்ட்டர்ஸின் ஆர்க்கோ தத்தா எடுத்த படத்தை எண்ணிப் பார்க்கலாம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோன சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து. ஒரு பெண் மண்ணில் விழுந்து கிடக்கிறாள்; உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருக்கின்றன; இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ விருது பெற்ற படம். பொன்னிற ஒளி கிடையாது, வானமே கிடையாது. முகமும் நமக்குக் காட்டப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கைகள் வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. அவை பேசுகின்றன. கூலிக்குப் படமெடுக்கும் ஒருவருக்கு இது கைகூடியது, கூலியில்லாதவருக்கு ஏன் கூடவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஆடி அமாவாசை விடியலில் அம்மாமண்டபம் படித்துறைக்கு இன்று காமிராக்காரர்கள் வருகிறார்கள். தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவனை நேருக்கு நேர் லென்ஸால் பிடிப்பது அநாகரிகம். அங்கே முதுகுப்புறமும் இருட்டும் மரியாதையாகக்கூட இருக்கலாம். அதே கறுப்பு உருவம், துறைமுகத்தில் ஒன்றாகவும் படித்துறையில் வேறாகவும் அர்த்தப்படுகிறது. எது எப்போது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. நின்று பார்த்தால்தான் தெரியும். நிற்க நேரம் உள்ளவன் அமெச்சூர் ஒருவன்தான். இருபது நிமிடம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுகிறவனும் அவனே.

நண்பரிடம் ஒரு படம் இருக்கிறது. போட்டிகளுக்கு அனுப்பாதது. நாகப்பட்டினத்தில், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் எடுத்தது. மணி ஒன்பது இருக்கும். வெயில் தட்டையாக அடிக்கிறது. மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்பது போல, எரிச்சலோடு நேராகக் காமிராவைப் பார்க்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது. ஒரு பிரதி கேட்டேன். வெளிச்சம் போன பிறகு எடுத்தது, அதில் ஒன்றும் இல்லை என்கிறார்.